சதுரத்திலிருந்து வட்டத்துக்கு இரண்டு மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக் கட்டடத்தின் ஏசி டக்ட், அதாவது காற்றுக் குழாய், வரைபடம் வந்துவிட்டது. வெள்ளிக்குள் விலை சொல்ல வேண்டும். நேராகப் போகும் குழாய்களுக்குத் தகரத்தின் எடை பார்த்தால் போதும். தலைவலி எல்லாம் ஒரு முனை சதுரம், மறுமுனை வட்டமாக வரும் துண்டுகள்தான். நாற்பத்தெட்டு! ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று ஆறு வருடமாகப் போடுகிறேன். எங்கள் தகரப் பட்டறையிலிருந்து அண்ணன் எழுதி அனுப்பும் நேரச் சீட்டும் அதையேதான் சொல்கிறது.

இது கிடைத்தால் இந்த வருடம் நிம்மதி.

மார்ச் 5, புதன்

அண்ணனுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கையிலிருக்கும் வேறொரு வேலைக்கு அதே மாதிரித் துண்டு ஒன்றைப் பட்டறையின் புது ஆள் செய்தார். நாலரை மணி நேரம். அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"அக்கா, அண்ணன் காலையில எத்தனை மணிக்குப் பட்டறையைத் திறக்கறார்னு கேட்டுப் பாருங்க."

நான் போவது ஒன்பதுக்கு. எனக்கென்ன தெரியும்?

மார்ச் 6, வியாழன்

அண்ணியைக் கேட்டேன். அந்தத் துண்டுகள் இருக்கிற நாட்களில் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாராம். அந்த நேரம் எந்தச் சீட்டிலும் ஏறியதில்லை. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தாளாம்.

அண்ணனிடம் போய் நின்றேன். கட்டுப் போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"முதல் வேலைக்கே நீ ரெண்டுன்னு விலை சொல்லிட்ட. நான் நாலுன்னு எழுதியிருந்தா விலை போடற வேலையே வேண்டாம்னு அதோட பென்சிலைக் கீழ வெச்சிருப்ப."

வெச்சிருப்பேன்தான். அதுக்காக? ஆறு வருஷமா என் தப்பை உன் கையால நிமித்தினியா?

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவரைவிட என் மேல்தான் ஆத்திரம்.

மார்ச் 7, வெள்ளி

நாலு மணி நேரம் போட்டு அனுப்பிவிட்டேன். வேலை போய்விடும் என்று அண்ணன் கத்தினார். போகட்டும் என்றேன்.

மார்ச் 19, புதன்

போய்விட்டது.

மார்ச் 20, வியாழன்

இரண்டு என்றே போட்டிருந்தால் கிடைத்திருக்குமோ? கிடைத்திருக்கும். அண்ணன் கை?

மார்ச் 31, திங்கள்

சின்ன மருத்துவமனை வேலை ஒன்று. அதே துண்டு, ஒன்றே ஒன்று. நாலு மணி நேர விலைக்குப் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார்கள். வீக்கம் வடிந்ததால் அண்ணனே செய்தார். இன்று நான் போனபோது பட்டறை பூட்டியிருந்தது. அவர் எனக்குப் பின்னால்தான் வந்தார்.

சாயங்காலம் சீட்டு மேசைக்கு வந்தது. நாலேகால் என்று எழுதியிருந்தார்.

விலைப் புத்தகத்தை எடுத்து, நாலை அடித்துத் திருத்தினேன்.