குசினிக்கும் கிணற்றுக்கும் இடையே

செப்டெம்பர் 6, 1937. திங்கள்

மேற்கே இருந்து கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே மண் சுடுகிறது. முற்றத்து வெடிப்புகளை அளந்தேன். குசினி வாசலுக்கு முன்னால் உள்ளதில் பென்சில் முழுதாக இறங்கிவிட்டது. எடுக்க முடியவில்லை. புதுப் பென்சில்.

குசினியிலிருந்து கிணறு இருபத்திரண்டு முழம். எல்லாம் களி. இப்போது பாறை, மழை விழுந்தால் காலை வாரும் சேறு. சென்ற கார்த்திகையில் மகள் பூரணம் தண்ணீர்க் குடத்துடன் வழுக்கி விழுந்தாள். அப்போது ஐந்து மாதம். அந்தப் பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடி ஏழாம் மாதம்.

மழைக்கு முன் முற்றத்துக்குக் கொங்கிரீட் போடுவதென்று முடிவு. மனைவியிடம் சொன்னேன்.

"எழுவான்கரையில மணலுக்க இரிக்கிற ஆக்கள் போடுறாங்க. படுவான்கரைக் களியில ஆர் போட்ட?"

வாவியின் இந்த மேற்குக் கரையில் யாரும் போடவில்லை என்பது உண்மை.

செட்டிபாளையம் கரைவலைத் தகராறு: பேப்பருக்குச் செய்தி இன்னும் எழுதவில்லை. நாளை.

செப்டெம்பர் 9, வியாழன்

மேசன் ஆதம்பாவா காத்தான்குடியிலிருந்து தோணியில் வந்தார். அறுபது வயது இருக்கும், எல்லோருக்கும் காக்கா. ஒரு களிக்கட்டியை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லையாம். ஒன்றரைச் சாண் தோண்டிக் களியை அள்ள வேண்டும். ஆற்று மணலும் கிறவல் சரளையும் போட்டு இடிக்க வேண்டும். அதன் மேல்தான் கொங்கிரீட். தோண்டாமல் போட்டால் மாரியில் களி ஊறி மேலே தள்ளும். பட்டணத்து ஓவசியர் ஒருவர் எனக்குச் சொன்னதும் அதேதான்.

பேச்சு முடியும் நேரம் பூரணம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மேசன் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை.

"புள்ளத்தாச்சி இரிக்கிற ஊட்டுல மண்ணக் கொத்தச் சொல்றீங்களே ஐயா."

"அவ விழாம இருக்கத்தான் காக்கா."

"அது சரி. ஊட்டுக்காரிட வகுத்துலதான் படும் என்டு எங்கட மூத்தாக்கள் சொல்ற. ஒங்கட ஆக்களும் அப்படித்தானே?"

ஓம், அப்படித்தான். நம்புகிறேனா என்று என்னைக் கேட்டால், இல்லை. ஆனால் பயம்.

அப்போதுதான் அந்தப் பேச்சு வாயில் வந்தது. "காணி உறுதி என்ட பேரில கிடக்கு. வீட்டுக்காரன் நான். என்ட பெண்சாதிக்கு வயசு நாற்பத்தெட்டு. அவ புள்ளத்தாச்சியில்ல."

மேசன் சிரித்தார். "பேப்பருக்கு எழுதுற ஆளுக்கிட்டக் கதைச்சி வெல்ல ஏலா." தேத்தண்ணியைக் குடித்தார். திங்கட்கிழமை தொடங்குவார்.

சொன்னது பொய்யல்ல. மூன்று வருடத்துக்கு முன், கலியாணத்தன்று, "வீடும் வளவும் பூரணத்துக்கு" என்று சபையில் வாயால் கொடுத்தேன். உறுதி முடிக்கவில்லை, இன்று நாளை என்று போய்விட்டது. ஆனால் இந்தப் பக்கத்தில் வாயால் கொடுத்தாலே கொடுத்ததுதான். வீடு பெண்ணுடையது.

பின்னேரம் மனைவி: "எழுதாம வெச்சது இதுக்குத்தானா?"

பூரணம் குசினிக்குள் இருந்தாள். கேட்டிருப்பாள்.

செப்டெம்பர் 13, திங்கள்

வந்தவை: சீமெந்து ஆறு பீப்பா (தோணியில் ஒன்று நனைந்தது, அடிப்பக்கம் கட்டி), உடைத்த கல் ஐந்து வண்டி, மணல், கிறவல் பாதிதான். ஒரு வண்டி மணலில் சிப்பி. திருப்பி அனுப்பினேன்.

மண்வெட்டி இறங்கவில்லை. இரும்பு அலவாங்கால் குத்தினார்கள். ஒவ்வொரு குத்துக்கும் குசினியில் சட்டி பானை அதிர்ந்தது.

மதியம் 12.40. பூரணம் தாயிடம் மெல்லச் சொன்னாள். சுவருக்கு இப்பால் எனக்குக் கேட்டது. "காலையில இருந்து அசைவில்லம்மா."

"இடப்பக்கம் சரிஞ்சு படுகா. பயப்படாத."

வெளியே போய் வேலையை நிறுத்தச் சொன்னேன். மேசன் ஏன் என்று கேட்கவில்லை. ஆட்களுடன் மரத்தடியில் போய் இருந்தார். தோண்டிய பள்ளத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1.15. இல்லை. 2.00. இல்லை. சீனித்தண்ணீர் கொடுத்தார்கள். இல்லை.

இப்படிப்பட்ட சாவுச் செய்தி பேப்பருக்கு எத்தனை அனுப்பியிருப்பேன். ஊர், தகப்பன் பெயர், பெண்ணின் வயது, நாலு வரி. இன்று அந்த நாலு வரி கேட்காமலே மனதில் வந்து அமைந்தது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அழிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

3.25. உள்ளே தாயின் சிரிப்பு. "உதைக்கிற உதையில பாய் சுருண்டிட்டு."

மேசன் எழும்பி வந்தார். "தொடங்கவா ஐயா?"

தலையாட்டினேன்.

செப்டெம்பர் 18, சனி

கொங்கிரீட் போட்டாயிற்று. விடிய ஆறு மணி முதல். மேசன், ஆட்கள் ஆறு பேர், மருமகன். (கல்குடாவில் வாத்தியார், சனி ஞாயிறு வருவார். தண்ணீர் சுமந்தார். உள்ளங்கை இரண்டும் பொக்களம்.) ஒரு பங்கு சீமெந்து, இரண்டு மணல், நாலு கல். நாலு துண்டாகப் பிரித்துப் போடச் சொன்னேன். களி அசைந்தாலும் துண்டு துண்டாக அசையட்டும். மேசனுக்கு விருப்பமில்லை, செய்தார்.

கடைசியில் கேட்டார்: "மினுக்கி விடவா, சும்மா விடவா?"

"றெஸ்ட் ஹவுஸ் விறாந்தை மாதிரி வேணும்."

சீமெந்துப் பால் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். பின்னேர வெயிலில் கண்ணாடி. மருமகன் சொன்னார்: "மாமா, இதில முகம் பாத்துச் சவரம் எடுக்கலாம்."

பல மாதங்களில் முதல் முறையாக மனம் ஆறியது.

செப்டெம்பர் 27, திங்கள்

சாக்கு விரித்து நனைக்கிறோம். காலை பதினைந்து வாளி, மாலை பதினைந்து. கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுதான். கொங்கிரீட்டில் வெடிப்பு இல்லை. தினம் இரண்டு முறை குனிந்து பார்க்கிறேன். பூரணத்துக்குக் கால் வீக்கம். மருத்துவிச்சி பயமில்லை என்கிறாள். அவள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வாள்.

ஒக்டோபர் 5, செவ்வாய்

நாலு மணிக்கு இடியுடன் மழை. இருபது நிமிடம். முதல் மழை.

விட்டதும் முற்றத்தில் இறங்கினேன். மூன்றாவது எட்டில் குதிகால் போய்விட்டது. குசினிக் கப்புத் தூணைப் பிடித்ததால் விழவில்லை. எங்கள் நாய் பின்னால் ஓடி வந்து, நிற்க முடியாமல் குந்தியபடியே சறுக்கி, கிணற்றுக் கட்டில் போய் முட்டியது. பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. களியில் பெருவிரலை ஊன்றலாம். இதில் ஊன்ற ஒன்றும் இல்லை. விறாந்தைக்கு மேலே கூரை இருக்கிறது. முற்றத்துக்குக் கூரை இல்லை. இதை யோசிக்காதவன் நான்.

ஒக்டோபர் 7, வியாழன்

மழை. மணல் தூவினேன். அரை மணியில் கழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி தூவினேன். மறுபடி போயிற்று.

பூரணத்தை வெளியே இறங்க வேண்டாம் என்றேன்.

"மறுகா எங்கப்பா குளிக்கிற? குசினிக்கையா?"

தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். பின்னால் நான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கிறவன் மாதிரி. போக முப்பத்தாறு எட்டு. வர முப்பத்தெட்டு.

மேசனுக்குத் தோணிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன்.

ஒக்டோபர் 10, ஞாயிறு

மேசன் வந்தார். ஈரத்தில் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நீங்கதானே மினுக்கச் சொன்ன."

ஓம்.

"அம்மி கொத்துற மாதிரி உளியால கொத்தி விடணும். நடக்கிற வழி மட்டும் என்டா ரெண்டு நாள் வேல." பையில் கை விட்டவர் நிறுத்தினார். "இப்ப எத்தின மாசம்?"

"எட்டு நடக்குது."

உளியை எடுக்கவில்லை. "மண்ணக் கொத்தினது போதாம இப்ப கல்லையும் கொத்தணும். இந்தத் தரமும் உறுதி ஒங்கட பேருல என்டு சொல்வீங்களா ஐயா?"

கேலியாகக் கேட்கவில்லை. நான் சொன்னால் தொடங்குவார். வாயைத் திறந்தேன். அன்று 12.40 முதல் 3.25 வரை காத்திருந்தது நினைவு வந்தது. சொல்ல முடியவில்லை. சொல்லாவிட்டால் நாளையும் மழை. மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூரணம் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"காக்கா, வீடு என்ட. சபையில தந்தது. நான் சொல்றன், கொத்துங்க."

"மகள், நீ சும்மா இரி."

"போன முறை ஒருத்தரும் இந்த வளவில ஒரு பிடி மண் கொத்தல்ல அப்பா. ஆனா விழுந்தது நான்தானே."

மேசன் பிஸ்மி சொல்லிக் குந்தினார். கிணற்றடிப் பக்கமிருந்து தொடங்கினார். இருட்டும் வரை நாலு முழம்.

ஒக்டோபர் 11, திங்கள்

மழை இல்லை. மூடிக்கொண்டிருக்கிறது. காலை ஏழு மணியிலிருந்து உளிச் சத்தம். கொத்திய இடத்தில் தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தேன். கால் பிடிக்கிறது.

சத்தம் நிற்கும்போதெல்லாம் பூரணம் உள்ளேயிருந்து கேட்கிறாள்: "என்ன காக்கா, நிண்டிட்டு?"

"உளி மழுங்கிட்டு மவள். தீட்டுறன்."

அவள் குரல் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது. காலையிலிருந்து ஒன்பது தடவை.

மேசை முன் இருக்கிறேன். கரைவலைச் செய்தி இனிப் பழையது, கிழித்தேன். பதினோரு முழம் முடிந்தது. பதினொன்று மிச்சம். மேற்கே கறுத்து வருகிறது.

3.10. உளிச் சத்தம் நின்றிருக்கிறது. பூரணம் இன்னும் கேட்கவில்லை.