எட்டாம் தேதி ரயில்

1972 செப்டம்பர் 4, திங்கள்

காலை ஆறேகால். 97.6. புள்ளி வைத்தாயிற்று. மழை. கைக்குழந்தை டெக்லனுக்கு இரண்டாவது பல்.

அவன் பிறந்தபோது என் கருப்பை பழைய ஆபரேஷன் தையலில் கிழிந்தது. ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு கர்ப்பம் வந்தால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது என்று பெரிய டாக்டர் என் கணவர் மாலகியிடம் சொன்னாராம். வராமல் இருக்க என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. இந்தக் கத்தோலிக்க நாட்டில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

எங்கள் ஊர் ஹெனிகன் டாக்டர்தான் சூட்டுமானியைக் கொடுத்து, தினமும் விழித்ததும் பார்த்துக் குறிக்கச் சொன்னார். உடம்புச் சூடு ஏறி மூன்று நாள் கழிந்தால் கரு தங்கும் பயமில்லையாம். ஒரு நாளும் தவறாமல் குறிக்கிறேன். என் புள்ளிகளோ ஆட்டுக்குட்டிபோலத் துள்ளுகின்றன.

செப்டம்பர் 29, வெள்ளி

முப்பத்தெட்டாம் நாள். வரவில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்னும் இல்லை. நான் இல்லாமல் போனால் எந்தப் பிள்ளை யார் வீட்டுக்குப் போகும் என்று பட்டியல் போட்டேன். நோராவை என் அக்கா எடுத்துக்கொள்வாள். இரட்டையரைப் பிரிக்கக்கூடாது. டெக்லனை யார் கேட்பார்கள்? — பட்டியலை அடுப்பில் போட்டேன். என்ன எரிகிறது என்று மாலகி கேட்டார். பழைய சீட்டு என்றேன். நம்பவில்லை. போர்வையை எடுத்துக்கொண்டு பையன்கள் அறைக்குப் படுக்கப் போனார்.

அக்டோபர் 5, வியாழன்

வந்தது. கழிப்பறைத் தரையிலேயே மண்டியிட்டுத் தோத்திரம் சொன்னேன்.

அக்டோபர் 7, சனி, செபமாலை மாதா திருநாள்

பாவசங்கீர்த்தனம். ஒரு தப்புச் செய்துவிட்டேன். செய்த பாவத்தைச் சொல்லாமல், கரு தங்காமல் ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். பங்குச் சாமியார் கோபப்படவில்லை. 'அண்ணன் தங்கச்சி மாதிரி இருங்கம்மா' என்றார். பதினாலு வருஷம் ஒரே கட்டிலில் படுத்த பிறகா? மனதில் அந்த எண்ணம் இருக்கும்வரை பாவமன்னிப்பு இல்லை என்று பாவசங்கீர்த்தனக் கூண்டின் கதவை இழுத்துவிட்டார்.

அக்டோபர் 8, ஞாயிறு

பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்க எழுந்தார்கள். மன்னிப்பு இல்லாத நான் காலை ஒதுக்கி வழிவிட்டேன். முப்பது குடும்பம் பார்த்தது.

நவம்பர் 2, வியாழன், ஆத்துமாக்கள் திருநாள்

கல்லறைக்கு விளக்கேற்ற மாலகியின் தங்கை அசும்ப்தா டப்ளினிலிருந்து வந்தாள். கிழங்கு உரிக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

'அனுமதி கேட்டீங்களா? எலி போய்ப் பூனைகிட்ட சீட்டு வாங்குமா, அண்ணி?'

டப்ளினில் ஒரு வீடு இருக்கிறதாம். கருத்தடைச் சாதனத்தை விற்றால் குற்றம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் குற்றம்; சும்மா கொடுத்தால் குற்றமில்லையாம். அதனால் சும்மா கொடுக்கிறார்கள். வாசலில் காணிக்கைப் பெட்டி. டிசம்பர் எட்டாம் தேதி வரச் சொன்னாள். அன்று நாட்டுப்புறம் முழுவதும் டப்ளின் கடைத்தெருவில்தான் இருக்கும், என்னை யார் கவனிக்கப்போகிறார்கள்?

அமல உற்பவ மாதா திருநாளிலா என்றேன்.

'அந்தம்மாவுக்கும் ஒரே பிள்ளைதானே அண்ணி.'

சிலுவை போட்டுக்கொண்டேன். சிரித்தும் விட்டேன். இதையும் சங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும் — அதுதான் இல்லையே இப்போது.

டிசம்பர் 8, வெள்ளி

முதல் பூசை பார்த்துவிட்டு ரயில். பெட்டி நிறையப் பெண்கள், மடியில் காலிப் பைகள். மாதாவே, உன் நாளில் போகிறேன், தடுக்கவேண்டுமென்றால் ரயிலை நிறுத்து என்று வேண்டிக்கொண்டேன். ரயில் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

பெயர்ப்பலகை இல்லாத வீடு. நர்ஸ் என் வயதுக்காரி. ரப்பரில் செய்த ஒன்றை மேசைமேல் வைத்தாள். இது என்ன என்றேன்.

'இதுதாங்க நீங்க.'

கருப்பை. ஒரு பேரிக்காய் அளவு. அவ்வளவுதான்! ஐந்து பேர் — நோரா, இரட்டையர், கீரன், டெக்லன் — எல்லோரும் இதற்குள்ளிருந்தா வந்தார்கள்? உடம்பைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன். இந்தப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். முப்பத்தாறு வயதில் இன்றுதான் பார்க்கிறேன். எங்கே கிழிந்தது என்று கேட்டேன். விரலால் காட்டினாள். கோவிலில் பேசுவதுபோல இருவரும் மெல்லப் பேசினோம். எனக்கு மண்டியிடத் தோன்றியது. கடவுள் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறார், எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு அளவெடுத்து, கருப்பை வாயை அடைக்கும் ரப்பர் மூடி ஒன்றைக் கையில் கொடுத்தாள். களிம்பு தடவி நானே மாட்டிப் பழகவேண்டும். தவளைபோலத் துள்ளிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

'எல்லாருக்கும் மொத தடவை பறக்கும்' என்றாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். நான்காம் முறை சரியாக வந்தது.

கிளம்பும்போது நன்மை வாங்க முடிகிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டாள். 'லிமரிக்ல மடத்துக் கோவில். மூணாவது கூண்டு.'

மெழுகுவத்திக்குப் போடுவதுபோலப் பெட்டியில் காசு போட்டேன். பையன்களுக்குக் காலுறை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

டிசம்பர் 14, வியாழன்

மூடியை மாலகியிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'இம்புட்டுதானா?' என்றார்.

டிசம்பர் 23, சனி

வாத்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு லிமரிக் பஸ் ஏறினேன்.

கோவிலில் ஐந்து கூண்டுகள். நான்கின் முன்னால் இரண்டிரண்டு கிழவர்கள். மூன்றாவதன் வரிசை அந்தோணியார் பீடம்வரை நீண்டு, திரும்பி, வாசலுக்கே வந்துவிட்டது. எல்லோரும் பெண்கள். எல்லோரும் கல்யாண மோதிரம் போட்டவர்கள், என் வயது. சேற்றுச் செருப்பு, மென்மயிர்க் காலர், எல்லாம் தோளோடு தோள். ஒருத்தியும் ஒருத்தியிடம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை நாள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேனே! எண்ண ஆரம்பித்து நாற்பதோடு நிறுத்திவிட்டேன்.

பெஞ்சில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். ஹெனிகன் டாக்டரின் மனைவி.

'வரிசை மெதுவாத்தான் போகும்' என்றார். 'ஆனா போகும்.'

சாமியாரின் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. கிழிந்ததைச் சொன்னேன். டப்ளினைச் சொன்னேன்.

'மூத்ததுக்கு என்ன வயசு?'

'பன்னெண்டு சாமி. பொண்ணு.'

'அவளுக்குத் தாய் வேணும். சரி, பாவத்தைச் சொல்லு.'

'இதுதான் சாமி.'

'அது இல்லம்மா. பாவத்தைச் சொல்லு.'

யோசித்துப் பார்த்து, மாதாவைப் பற்றிய கேலிக்குச் சிரித்ததைச் சொன்னேன். அதற்குப் பரிகாரம் மூன்று அருள் நிறை மந்திரம்.

டிசம்பர் 25, திங்கள்

நன்மை வாங்க எல்லோரோடும் எழுந்து போனேன். யாருக்கும் வழிவிடவில்லை.

1973 ஜனவரி 3, புதன்

வந்தது. இருபத்தெட்டாம் நாள்.

ஜனவரி 6, சனி, பெண்களின் கிறிஸ்துமஸ்

இன்று வீட்டுவேலை ஆண்களுக்கு. மாலகி கிழங்கைக் கருக்கினார். பக்கத்துப் பெண்கள் தேநீருக்கு வந்தார்கள். அழைக்காமலே திருமதி ஹெனிகனும் வந்தார். இந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை. மற்றவர்கள் போனபிறகும் கையுறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'எட்டாம் தேதி டப்ளின் போனீங்கள்ல.'

காலுறை வாங்க என்றேன்.

'எனக்கு ஏழு பிள்ளைங்க' என்றார். 'கூண்டு தெரியும், அந்த வீடுதான் தெரியாது. அவர்கிட்ட நான் என்னன்னு கேக்கறது? ஊருக்கெல்லாம் சூட்டுமானி குடுக்கிற மனுஷன்.'

முகவரி எழுதப் பென்சிலை எடுத்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

'எழுதாதீங்க. எங்க வீட்ல எந்தப் பேப்பரும் அவர் மேசைக்குத்தான் போகும். வாயால சொல்லுங்க.'

தெருப் பெயர், கதவு எண், மணியை இரண்டு தடவை அடிக்கவேண்டும் என்பது, எல்லாம் சொன்னேன். ஞானோபதேச வகுப்புப் பிள்ளைபோலக் கண்ணை மூடித் திருப்பிச் சொன்னார். முதல் தடவை எண் தப்பியது. இரண்டாம் தடவை தெரு. மூன்றாம் தடவை எதுவும் தப்பவில்லை.