இடது கால் பிரேக்

காவலூர் வழி,
ஆலங்காயம்.
14-4-1982

அன்புள்ள மாமாவுக்கு,

ரஞ்சிதம் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் மாடுகளும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் 'இருக்கிறேன்' என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது. அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நாலே வரி. கொட்டகையில் கழற்றிக் கிடக்கும் மோட்டார் சைக்கிள் சாமான்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடு. நீ உன் அப்பா வீட்டுக்குப் போய்விடு. பூனா ஆஸ்பத்திரிக்கு வராதே. எனக்காகக் காத்திருக்காதே. நாலு வரியில் நாலு உத்தரவு. பட்டாளத்தில் அப்படித்தான் எழுதப் பழக்குவார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் பட்டாளத்தில் சேரவில்லை.

உங்கள் அண்ணனுக்கும் தனியாக எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாணியம்பாடியிலிருந்து காயலான் கடைக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். நான் போய் என்ஜின் வைத்திருந்த சாக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "இது என் வூட்டுக்காரரு பொருளு. அவரு வந்து தன் கையால எடுத்துக் குடுத்தா எடுத்துனு போங்க" என்றேன். கடைக்காரர் நல்ல மனுஷர், மோர் குடித்துவிட்டுப் போனார். உங்கள் அண்ணன்தான் கத்தினார். "தம்பி கருப்பன் பேச்சுக்கு இந்த வூட்ல மதிப்பு இல்ல. அவன் காலே போச்சு, இன்னும் இன்னாத்துக்கு இந்த வண்டி? பாக்கறப்பல்லாம் வயிறு எரியுது எனக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கழனிக்குப் போய்விட்டார். அவர் கோபத்தில் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சிக்கிம் பாதையில் லாரி உருண்டதைப் பற்றி உங்கள் அதிகாரி இங்கிலீஷில் எழுதிய கடிதத்தைத் தபால்காரரிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னேன். இடது கால், முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்திருக்கிறது என்று இருக்கிறது. நீங்கள் எழுதிய எதிலும் எந்தக் கால் என்றுகூடச் சொல்லவில்லையே.

அதைக் கேட்ட பிறகு கொட்டகையில் போய் உட்கார்ந்து வண்டியையே பார்த்தேன். நீங்கள் லீவில் வந்தபோதெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த புல்லட் இது. கியர் வலது காலுக்கு. உதைப்பதும் வலது கால். கிளச்சும் முன் பிரேக்கும் கையில். இடது காலுக்கு இருப்பது பின் பிரேக் ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒரு பிரேக்குக்காகவா முழு வண்டியை எடைக்குப் போடச் சொல்கிறீர்கள்?

நான் போட மாட்டேன். முடிக்கப் போகிறேன். நீங்கள் சுவரில் ஒட்டிய படம் அப்படியே இருக்கிறது. லண்டனில் வாலிபர்கள் ஒரு டீக்கடையிலிருந்து அடுத்த டீக்கடைக்குப் பந்தயம் விடுவார்கள், அதனால் அதற்குக் கஃபே ரேசர் என்று பேர் என்று சொன்னீர்கள். ஹேண்டில் தாழ்வாக, பெட்ரோல் டாங்கி நீளமாக, கால் வைக்கும் கம்பி பின்னால் தள்ளி. அதே மாதிரி செய்வேன். அளவு எழுதி வைத்த நோட்டு எந்தப் பெட்டியில் என்று மட்டும் தெரியப்படுத்துங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ரஞ்சிதம்


காவலூர் வழி,
ஆலங்காயம்.
23-5-1982

அன்புள்ள மாமாவுக்கு,

ரஞ்சிதம் எழுதுவது. இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. நோட்டை நானே தேடி எடுத்துவிட்டேன். உங்கள் பச்சை டிரங்குப் பெட்டியில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது.

உங்கள் பக்கத்துக் கட்டில் லட்சுமணன், நம் படவேட்டுக்காரர், அவர்தான் எனக்கு எழுதினார். அவரைத் திட்டாதீர்கள். நான் கேட்டுத்தான் எழுதினார். செயற்கைக் கால் மாட்டிப் பார்க்கக் கூப்பிட்டால் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறீர்களாம். தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறீர்களாம். வண்டியைப் பற்றி அவர் கேட்டதற்கு, "நொண்டி வண்டி ஓட்டறத ஊரே நின்னு வேடிக்கை பாக்கும்" என்றீர்களாம். இதற்கு நான் இப்போது பதில் எழுதவில்லை. கையில் வேலை இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி அப்பா வீட்டுக்குப் போனேன். அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு கொட்டாப்புளி மரச் சுத்தியல், ஒரு மணல் மூட்டை, அண்டா தட்டுகிற இரும்புக் குண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுநாள் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். அப்பா அண்டாவும் தவலையும் தட்டும்போது தகட்டைப் பிடித்துக் கொடுத்தே வளர்ந்தவள் நான். பதினைந்து வயதில் ஒரு சொம்பை நானே தட்டி முடித்தேன் என்று கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். பெண்ணுக்கு அது பெருமை இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

டாங்கிக்குப் பழைய பஸ்ஸின் பக்கத் தகடு கிடைத்தது. மணல் மூட்டையில் வைத்துக் குழி தட்டி, குண்டின் மேல் வைத்து மேடுபள்ளம் எடுத்தேன். இரண்டு பக்கமும் தனித்தனி. இரண்டு முழங்காலும் படியும் இடத்தில் உள்வாங்கி இருக்கவேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான் உயிரை வாங்கியது. தாமிரம் சொன்ன பேச்சுக் கேட்கும், இரும்பு கேட்பதில்லை. முதல் டாங்கி நடுவில் கிழிந்துவிட்டது. தூக்கிக் கொல்லையில் போட்டேன், இப்போது அதில் கோழி தண்ணீர் குடிக்கிறது. இரண்டாவது உருப்பட்டது. ஆலங்காயத்தில் கேஸ் வெல்டிங் வைத்திருக்கும் பழனி அண்ணன்தான் பற்றவைத்தார். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

தாழ்ந்த ஹேண்டிலையும் அவரே வெட்டிப் பொருத்தினார். "ஏம்மா, இதுல குனிஞ்சினே போவணுமே, வழியெல்லாம் யாருக்குக் கும்பிடு போடறது?" என்று சிரித்தார். ஆனால் அவர் செய்கிற வேலையில் சிரிப்பு இல்லை. ஒரு மயிரிழை கோணினாலும் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைக்கிறார்.

கஷ்டம் பிரேக்கில்தான் வந்தது. பின் பிரேக்கை இழுக்கும் கம்பியை எடுத்துவிட்டுக் கேபிள் போட்டோம். வலது கைப் பிடியிலேயே முன் பிரேக், பின் பிரேக் இரண்டு கேபிளையும் கோத்தோம். பிடித்தால் முன்னது மட்டும் இறுகுகிறது, பின்னது தொளதொள என்று இருக்கிறது. பின்னதை இறுக்கினால் முன்னது வேலை செய்யவில்லை. நாலு நாள் இதே பாடு. பழனி அண்ணனே, "இது தோதுப்படாது, வுட்ருவோம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கோடை மழைக்கு உங்கள் அண்ணன் ஏர் பூட்டியிருந்தார். கூழ் கொண்டுபோனேன். இளங்காளை பின்தங்குகிறது, பெரியது முந்துகிறது. நுகத்தடி ஒரு பக்கம் சாய்கிறது, ஆனால் ஏர் நேராகத்தான் போகிறது. கூழைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னாத்தப் பாத்துனு நிக்கிற?" என்று கேட்டார். நுகத்தை என்றேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு இரும்பு நுகம் செய்தோம் மாமா. கைப்பிடி அதன் நடுவை இழுக்கிறது. இரண்டு முனையிலும் இரண்டு கேபிள். ஒன்று முந்தினால் நுகம் சாய்ந்து மற்றதையும் இழுத்துக்கொள்கிறது. இப்போது இரண்டு சக்கரமும் சேர்ந்தே பிடிக்கின்றன. கேபிளை என்ஜினுக்கு வலது பக்கமாக விட்டிருக்கிறோம். சரிதானா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். இங்கே சொல்ல வேறு ஆள் இல்லை.

கால் மாட்டக் கூப்பிட்டால் போங்கள். வலிக்கும் என்று லட்சுமணன் எழுதியிருக்கிறார். வலித்தால் எனக்கு எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
ரஞ்சிதம்


காவலூர் வழி,
ஆலங்காயம்.
11-7-1982

அன்புள்ள மாமாவுக்கு,

ரஞ்சிதம் எழுதுவது. உங்கள் கார்டு வந்தது. அன்புள்ள என்றுகூட இல்லை. 'கேபிளைச் சைலன்சர் குழாய் ஓரமாக விடாதே, சூட்டில் உருகிவிடும். டாங்கிக்கு அடியில் இடது பக்கமாக எடு. வளைவு பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இறுகும்.' அவ்வளவுதான். கையெழுத்து முன்பு போலவே சாய்ந்திருந்தது.

அதை உங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றார். படித்தேன். "வளைவு பெரிசா இருக்கட்டும்னு சொல்லிக்கிறான் பாரு" என்றார். பிறகு மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று எழுந்து போனார். மாடு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

கேபிளை மாற்றிவிட்டோம், நீங்கள் சொன்னபடியே.

ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இடது காலுக்குப் பிரேக் ஒன்றுதான் வேலை என்று முதலில் எழுதினேன். அப்படி இல்லை. வலது காலால் உதைக்கும்போது உடம்பைத் தாங்கி நிற்பது இடது கால். இது எனக்குத் தோன்றவே இல்லை. பழனி அண்ணன் தன் இடது காலை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்துப் பார்த்தபோது விழுந்தார், அப்போதுதான் தெரிந்தது. ஸ்டாண்டில் நிறுத்தி, இடது முழங்காலைச் சீட்டில் ஊன்றி, உடம்புப் பாரத்தை இறக்கி உதைத்தார். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. அதனால் சீட்டை முன்பக்கம் நாலு விரல் அகலமாக்கி, உள்ளே தேங்காய் நார் வைத்து, வாணியம்பாடித் தோல் போட்டுத் தைத்திருக்கிறேன். முழங்கால் நோகாது. படத்தில் இப்படி இல்லைதான். லண்டன்காரர்களுக்கு இது தேவைப்படவில்லை.

இப்போது நான் எழுதப் போவதைப் படித்துவிட்டுக் கோபப்படாதீர்கள். கோபம் வந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

பழனி அண்ணன் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். அவர் ஒற்றைக் காலில் ஓட்டினார் என்று எழுதினால் நீங்கள் நம்பினாலும், 'அவனுக்கு அவிழ்த்துவிட்டால் இரண்டு கால்' என்று நினைப்பீர்கள். எனக்கும் அவிழ்த்துவிட்டால் இரண்டு கால்தான். ஆனால் எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. தெரியாதவளே ஓட்டினால் தெரிந்தவர் ஓட்டமாட்டாரா என்று யோசித்தேன். மலையடியில் ஏரி வறண்டு கிடக்கிறது. ஒரு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் பழனி அண்ணன் எனக்கு அங்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். உங்கள் பட்டாளத்து பேண்ட்டை மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். ஊரே கரையில் வந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சின்னக்குழந்தை அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். ஊர் வேடிக்கை பார்க்க வேண்டியதையெல்லாம் நானே காட்டி முடித்துவிட்டேன். நீங்கள் வரும்போது அவர்களுக்கு அலுத்துப் போயிருக்கும்.

நேற்றுக் காலை இடது காலைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதென்று முடிவு. பழனி அண்ணன் தயங்கினார். உங்கள் அண்ணன் கரையிலிருந்து இறங்கி வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்து, என் காலை மடித்து, அவரே கட்டினார். "இறுக்கமா இருக்குதா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

உதைக்க மட்டும் என்னால் ஆகவில்லை, பழனி அண்ணன் உதைத்தார். கிளம்பும்வரை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவை பத்தடி போய்ச் சாய்ந்தேன். இரண்டாவது தடவை நன்றாகப் போய், நிற்கும்போது வலது காலைக் கியரிலேயே வைத்திருந்து விழுந்தேன். முழங்கையில் தோல் போனது, வேறொன்றும் இல்லை. முதலில் நியூட்ரல், பிறகு பிரேக், பிறகு வண்டியை வலப்பக்கம் சாய்த்துக் காலை ஊன்றவேண்டும். இந்த வரிசையை மறக்காதீர்கள்.

மூன்றாவது தடவை ஏரியை மூன்று சுற்று சுற்றினேன் மாமா. உங்கள் அண்ணன் முதல் சுற்று முழுக்க வண்டி பின்னாலேயே ஓடி வந்தாராம், எனக்குத் தெரியாது. கடைசியில் அவர் எதிரிலேயே பிரேக்கைப் பிடித்தேன். முன்னும் பின்னும் ஒன்றாக இறுகி நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது. "அவனுக்கு எழுது. அவன் வண்டிய எவன் கேட்டாலும் அண்ணன் குடுக்க மாட்டான்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

புது பிஸ்டன் போட்டிருக்கிறோம். முதல் ஐந்நூறு மைல் நிதானமாக ஓட்ட வேண்டுமாம். ஏரியில் நான் ஓட்டியது போக, மீதியை யாரையும் ஓட்ட விடப் போவதில்லை. கொட்டகையில் மூடி வைத்திருக்கிறேன்.

செயற்கைக் காலில் வராந்தா முனைவரை நடந்தீர்கள் என்று லட்சுமணன் எழுதியிருக்கிறார். நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, நடந்தால் போதும். இந்த மாசக் கடைசியில் அனுப்பிவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. எந்த ரயில் என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள். போடாவிட்டாலும் மாசக் கடைசியில் தினமும் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன். எந்தப் பெட்டி என்று தெரியாவிட்டால் என்ன, எல்லாப் பெட்டியையும் பார்க்கிறேன். நீங்கள் மட்டும் இறங்கிவிடுங்கள்.

நம் குலதெய்வம் மலைச்சாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ரஞ்சிதம்