பென்சிலில் எழுதிய தேதி

ஆகஸ்ட் 18, திங்கள்

தேர்வாளர்களின் அறிக்கைகள் எல்லாம் வந்துவிட்டன. ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நாகபூஷணம் சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொன்னார். அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த பிறகு எனக்காக அவர் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"இனி வைவா மட்டும்தான்" என்றார், தெலுங்கில். வாய்மொழித் தேர்வு.

செப்டம்பர் 30 அன்று அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் வைவா நடக்காவிட்டால் எனக்கு வேறொரு நெறியாளரை நியமிக்க வேண்டும். அதற்கு ஒரு குழு, அந்தக் குழு கூட ஒரு தேதி. அடுத்த வருடம் ஆகிவிடும். சித்தூர் கல்லூரியில் விரிவுரையாளர் இடத்தை அக்டோபர் முதல் வாரம்வரை எனக்காக வைத்திருக்கிறார்கள். வைவா முடித்த சான்றிதழோடு போனால் வேலை.

ஆகவே இப்போது தேவை ஒரு ஹால். இது பொது வைவா. தெருவில் போகிறவர்கூட உள்ளே வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம், வருகைத் தாளில் கையெழுத்துப் போடலாம். அதனால் சாருடைய அறையில் நடத்தக்கூடாது. துறையின் சொந்தக் கூடமோ ஜூலை மழையில் கூரைப் பலகை விழுந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

திருப்பதியில் இவ்வளவு பெரிய பல்கலைக்கழக வளாகம். ஒரு ஹால் கிடைக்காதா என்ன?

ஆகஸ்ட் 20

போர்ட்டலில் எல்லா ஹால்களும் பச்சையாகத் தெரிகின்றன. பச்சை என்றால் காலி. பழைய நூலகக் கட்டிடத்து மினி ஹாலுக்கு விண்ணப்பித்தேன். நைனாவுக்குப் போன் செய்து சொன்னேன். மாம்பழக்கூழ் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து பேசினார். "நாங்களும் வர்லாமா? உள்ள உடுவாங்களா?" யார் வேண்டுமானாலும் வரலாம் என்றேன். "அப்ப நம்மூரு குடிபாலாவே வரும் போ" என்றார்.

ஆகஸ்ட் 28

விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது. ஹால் ஒதுக்கும் பிரிவுக்கு நேரில் போனேன். கண்காணிப்பாளர் முனிகிருஷ்ணன் புத்தூர்க்காரர். என் பெயரையும் ஊரையும் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"ஆன்லைன்ல போட்டியா? ஆன்லைன்ல போட்டா கம்ப்யூட்டருக்குத்தாம்மா தெரியும். எனக்கு எப்டி தெரியும்? உங்க சாருகிட்ட லெட்டர் வாங்கினு வா."

"பச்சையா காட்டுதே சார்."

"அது எப்பவும் பச்சைதான். சிவப்பா மாத்தறதுக்கு ஆள் போடல."

சிரிப்பு வந்தது. வெளியே வந்தபின் வரவில்லை.

செப்டம்பர் 1

கடிதம் கொண்டு போனேன். முனிகிருஷ்ணன் சார் இல்லை. பக்கத்து மேசைக்காரர் தலை நிமிராமல், "ரேப்பு ரா அம்மா" என்றார். நாளைக்கு வா.

செப்டம்பர் 2

ரேப்பு.

செப்டம்பர் 4

கிடைத்தது! செப்டம்பர் 22, திங்கள், பதினொரு மணி, மினி ஹால். முனிகிருஷ்ணன் சார் பெரிய நோட்டில் என் பெயரை எழுதினார், பென்சிலால். பேனா எங்கே என்று கேட்டேன்.

"எல்லாம் பென்சில்தாம்மா. முந்தின நாள் சாயங்காலம் பேனா. நடுவுல மினிஸ்டர் வருவாரு, வி.சி. மீட்டிங் வப்பாரு. பேனால எழுதிட்டு அடிச்சா நோட்டு அசிங்கமாவுதில்ல?"

நோட்டு அசிங்கமாகக்கூடாது. சரி. வெளித் தேர்வாளருக்கு மின்னஞ்சல் போய்விட்டது. புதுச்சேரியிலிருந்து வருகிறார், டிக்கெட் எடுத்துவிட்டாராம். நாகபூஷணம் சார் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். எல்லாத் துறைப் பலகையிலும் ஒட்டினேன். என் பெயரை அச்சில் பார்த்தபோது, சொன்னால் சிறுபிள்ளைத்தனம்தான், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

செப்டம்பர் 13

ஸ்லைடுகள் முடிந்தன. என் ஆய்வு, சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நடந்து போனவர்கள் தங்கிய சத்திரங்களைப் பற்றியது. யார் வந்தாலும் இடம் கொடுத்த கட்டிடங்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். யார் என்று கேட்டுத்தான் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடம், சிலருக்குக் கொல்லைப்புறம், சிலருக்கு வெளியே மரத்தடி. அதுதான் என் மூன்றாம் அத்தியாயம். புதுச்சேரிக்காரர் அதைத்தான் பிடித்து உலுக்குவார். உலுக்கட்டும். பதில் இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் அம்மா போன் செய்தாள். "மொத சனிக்கெயமடீ. தளிகை போட்டுக்கினு கீறேன். நீ அங்க கறி கிறி துன்னுடாத." ஹாஸ்டலில் நான்கு நாளாகவே முட்டை வாங்கவில்லை என்றேன். புரட்டாசி பிறந்தது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

பிறகு புரொஜெக்டரைச் சரிபார்க்க மினி ஹாலுக்குப் போனேன். படிக்கட்டில் ஒருவர் பனியனோடு உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். உள்ளே ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டிக் காக்கிச் சட்டைகள். நாற்காலிகளை மேடையில் அடுக்கிவிட்டுத் தரை முழுக்கப் பாய். பிரம்மோற்சவ பந்தோபஸ்துக்கு வெளிமாவட்டப் போலீஸ். ஒவ்வொரு வருடமும் இந்த ஊரில் பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாண மண்டபம் எதுவும் மிஞ்சாது. பால்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

சவரம் செய்தவர் ராமகுப்பத்துக்காரராம். "இன்னாம்மா, புரோகிராமா? ராத்திரிதான் வந்து எறங்கினோம். அக்டோபர் வரைக்கும் இங்கதான். எங்க நகர்றது சொல்லு?" என்றார். குரலில் கோபமில்லை. அவருக்கும் வேறு இடமில்லை.

முனிகிருஷ்ணன் சார் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"போன வருஷம் பிரம்மோற்சவம் அக்டோபர்ல தானம்மா வந்துச்சு? நான் அந்தக் கணக்குலயே இருந்துட்டேன். மேல இருந்து மொத்தமா குடுக்கச் சொல்லி ஆர்டர் வந்தப்பதான்..."

நானும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். போன வருடம் அக்டோபரில் வந்தது. அதனால் இந்த வருடமும் அக்டோபர். திருப்பதியில் இருந்துகொண்டு, வரலாறு படித்துக்கொண்டு, புரட்டாசியில் முட்டை கூடத் தொடாமல் இருந்துகொண்டு, உற்சவம் எந்தக் காலண்டரில் வரும் என்று யோசிக்கவில்லை. சாருக்கும் தோன்றவில்லை. தேதியைப் பார்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோர் வீட்டுச் சுவரிலும் பஞ்சாங்கம் தொங்குகிறது.

மினி ஹால் இப்போது ஒரு சத்திரம். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

செப்டம்பர் 22

இந்நேரம் முடிந்திருக்கும்.

வேறு ஹால் எதுவும் இல்லை. கல்வியியல் துறையில் கர்னூல் போலீஸ். திறந்தவெளி அரங்கத்தில் சமையல். மேலாண்மைத் துறையின் ஏசி ஹால் மட்டும் காலி. அது வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு மட்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். புதுச்சேரிக்காரர் டிக்கெட்டை ரத்து செய்தார். இனி மாதக் கடைசிவரை அவருக்குத் தேர்வு வேலை. நைனாவிடம் சொன்னேன். "சரி உடு. அப்றமா வெப்பாங்க இல்ல?" என்றார். ஒரு நாள் கூலியை விட்டு லீவு சொல்லியிருந்தார். குடிபாலாவில் யார் யாருக்குச் சொல்லியிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 24

ஆன்லைனில் நடத்த அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். சாயங்காலம் தேர்வாளருக்கும் ஒரு மணி நேரம் ஒழியுமாம். ஃபைல் பதிவாளர் மேசைக்குப் போயிருக்கிறது. பதிவாளர் மலைமேல் கூட்டத்தில் இருக்கிறார்.

செப்டம்பர் 26

மலைமேல்.

செப்டம்பர் 29

இறங்கினாராம். ஃபைலைப் பார்த்தாராம். "பொது வைவா என்றால் பொதுமக்கள் எங்கே உட்காருவார்கள்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். நியாயமான கேள்விதான். ஒரு மாதமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 30

நாகபூஷணம் சாருக்குப் பிரிவு உபசார விழா. மேலாண்மைத் துறையின் ஏசி ஹாலில்.

இரண்டு முறை படித்தேன், அழைப்பிதழை. அதே ஹால்தான். துறைத் தலைவர் ஒரு போன் போட்டாராம், கிடைத்துவிட்டதாம். ரோஜா மாலை, சால்வை, பிளாஸ்டிக் தட்டில் மிக்சரும் மைசூர்பாகும். சால்வைகளில் ஒன்றை என்னைப் போர்த்தச் சொன்னார்கள். சார் மைக்கில், "ஸ்வர்ணலதா என் கடைசி மாணவி. என்னை விடப் பெரிய வேலை செய்திருக்கிறாள்" என்றார். கண் கலங்கினார். பொய்யில்லை, நிஜமாகவே கலங்கினார்.

அவர் அந்த ஒரு போனை எனக்காக ஏன் போடச் சொல்லவில்லை? மறந்திருக்க மாட்டார். தோன்றியிருக்காது. தனக்கென்று எதையும் கேட்டு வாங்காத மனிதர்; இந்த விழாவைக்கூட அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவரிடம் கேட்கத் தெரியாத மாணவி. நான் என்ன செய்தேன்? வாசலில் இல்லை என்றார்கள், திரும்பி வந்தேன். கத்தியிருக்கணும். உக்காந்து இருந்திருக்கணும் அங்கயே. எனக்கு அதெல்லாம் வராது. வரவே வராது.

மைசூர்பாகு நன்றாக இருந்தது. அதுவும் ஒரு வேதனை.

அக்டோபர் 6

வீம்புக்குப் போர்ட்டலில் இன்னொரு விண்ணப்பம் போட்டேன். போலீஸ் போன பிறகு, நவம்பரில் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை. நெறியாளர் என்ற இடத்தில் இன்னும் நாகபூஷணம் சார் பெயர்தான் வருகிறது. கணினிக்கு அவர் ஓய்வு பெறவில்லை.

அக்டோபர் 9

சித்தூர் கல்லூரியிலிருந்து போன். மரியாதையாகத்தான் பேசினார்கள். வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 12

வீட்டில் இருக்கிறேன். நைனா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஸ்ரீசிட்டில ஒரு கம்பெனில ஆபீஸ் வேலையாம். சம்பத் மாமா சொல்லிக்கினு இருந்தாரு. பஸ்ஸு அவங்களே உடறாங்களாம். நீ... ஒன் இஷ்டம்தான்." அம்மா, "புள்ள டாக்டர் பட்டம் வாங்கப்போவுது, அதுக்கு இன்னா வேலை சொல்ற நீ?" என்று சீறினாள். "வாங்கட்டும். வேணாம்னா சொன்னேன்? அதுவரைக்கும்னு சொன்னேன்" என்றார்.

அதுவரைக்கும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அக்டோபர் 27

திருப்பதியில் பெண்கள் விடுதி, விடிவதற்குள் கம்பெனி பஸ். சரக்கு வந்த தேதி, போன தேதி எழுதும் வேலை. நான் நன்றாகவே செய்கிறேன்.

நவம்பர் 8

குழு இன்னும் கூடவில்லை. புதிய நெறியாளர் யாரென்று தெரியவில்லை. பையில் வைத்திருந்த நாவலை பஸ்ஸில் திறந்தேன். ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், சத்தியவேடு வரை.

நவம்பர் 17

குறுஞ்செய்தி: "தங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது. மினி ஹால், நவம்பர் 21, பதினொரு மணி."

பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 19

ரத்து செய்ய நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அரை நாள் விடுப்பு.

முனிகிருஷ்ணன் சார் மேசைக்கு முன்னால் ஒரு பெண் ஏற்கெனவே நின்றிருந்தாள். சபீனா, பொருளாதாரம், சித்தூர். அவளுடைய வைவா இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. வெளித் தேர்வாளர் இந்த வெள்ளிக்கிழமை வேறு வேலையாகத் திருப்பதி வருகிறார். அன்றைக்கு விட்டால் அப்புறம் கோடை விடுமுறைதான். அவள் அழவில்லை. அழுது முடித்த முகம்.

"வெள்ளிக்கிழமை மினி ஹால் இவங்க பேர்ல இருக்கும்மா" என்று என்னைக் காட்டினார்.

"அதைத்தான் ரத்து பண்ண வந்தேன் சார். இவங்களுக்குக் குடுங்க."

"அப்டி மாத்த முடியாதும்மா. நீ கேன்சல் பண்ணா ஹால் காலி. காலியான ஹாலுக்குப் புதுசா லெட்டர், பதினஞ்சு நாள் நோட்டீஸ்."

பேனா என் கையில் இருந்தது. சபீனா என்னைப் பார்க்காமல் கண்ணாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மேசையில் வைத்தேன்.

"கேன்சல் வேணாம் சார். என் பேர்லயே இருக்கட்டும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பேரு உன்னிது, புரோகிராம் அவங்களிதா? யாராவது கேட்டா?"

"உள்ள யாரு பேசறாங்கன்னு கம்ப்யூட்டருக்கு எப்டி சார் தெரியும்?"

தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். "நான் சொன்னத எனக்கே திருப்புறியா? சரி, போங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

மாடிப்படியில் சபீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களுது எப்ப?" என்றாள்.

"ரேப்பு" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போனேன்.

மினி ஹால் கதவில் ஒரு தாள். தெலுங்கில், ஸ்வர்ணலதா, சரித்திரத் துறை, பதினொரு மணி. நீல மையில், பேனாவால் எழுதியிருந்தார்கள்.

சபீனாவின் அம்மா கையில் ஸ்வீட் டப்பாவோடு அதன் முன் நின்றிருந்தார். "இது யாரோ ஸ்வர்ணலதாவாம். எடம் மாறி வந்துட்டமா கண்ணு?"

"இல்லம்மா, இதே ஹால்தான். உள்ள போங்க."

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சபீனா முதலில் திக்கினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். தேர்வாளர் கடினமாகக் கேட்டார். நன்றாகவே பதில் சொன்னாள். ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்ட கயிறு அவிழ்க்கப்படாமல் தொங்கியது. எல்லாம் முடிந்து கைதட்டியபோது அவள் அம்மாதான் கடைசிவரை தட்டிக்கொண்டிருந்தார். நைனாவாக இருந்தால் தட்டத் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்.

வருகைத் தாள் வரிசை வரிசையாக வந்தது. பெயர், துறை, கையெழுத்து. பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் கை நின்றது. பின்னாலிருந்தவர் தாளுக்காகக் காத்திருந்தார்.

'பொதுமக்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.