அப்பா வண்டிக்கு வெயில்

அம்மா,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பாமல் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஷெட் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அப்பா வண்டியை வாராவாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் பேட்டரி ஏறாது, இறங்கத்தான் செய்யும். அப்பா போனதிலிருந்து இதைத்தான் செய்கிறாய் என்று தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது. "சார்ஜுக்கு இல்லடி, அந்தச் சத்தம் கேட்டா அவர் தெருமுனை திரும்புற மாதிரியே இருக்கு" என்று நீ சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூட நாட்களில் அந்தச் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கியவள்தானே நானும்.

ஷெட்டில் கரண்ட் இல்லாததால் ஜன்னலில் சின்ன சோலார் பலகை மாட்டி, பேட்டரியோடு இணைத்துவிட்டேன். அளவுக்கு மேல் ஏறாமல் நடுவிலுள்ள குட்டிப் பெட்டி பார்த்துக்கொள்ளும். பலகையில் தூசி படிந்தால் மட்டும் துடை. ஆறு மாதத்தில் வந்துவிடுவேன்.

பி.கு. ஸ்டார்ட் செய்யாதே என்று நான் எங்கும் எழுதவில்லை, பார். புகை அடைக்கும், கதவைத் திறந்து வைத்துக்கொள். பேட்டரி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டு, போனை சைலன்சர் பக்கம் பிடி. பேசவெல்லாம் வேண்டாம்.