ஞாயிற்றுக்கிழமை ரீடிங்

சனி, 9

காலையிலிருந்தே புழுக்கம். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகரவில்லை. பஸ் லேட்.

கம்பெனியில் இன்று நிரப்பிய குப்பிகள் நாற்பது. எல்லாம் மாதுளை ஜூஸ் சிவப்பு. தங்கத்தின் நுண்துகள் கலந்த மருந்து. நரம்பில் ஏற்றினால் ஸ்கேனில் புற்றுக்கட்டியைக் காட்டும், லேசர் பட்டால் சூடேறி அதையே கருக்கும். வியாழனன்று அக்காவுக்கு இதில் ஒன்று. சோதனைச் சிகிச்சைக்கு அவள் பெயரைக் கொடுத்ததே நான். வேறு எந்த மருந்துக்கும் அவள் நோய் கேட்கவில்லை.

நாளை பூசை. மருந்து பிரிட்ஜின் ரீடிங்குக்கு மட்டும் ரூம் இருக்கும் பிள்ளைப்பாக்கத்திலிருந்து யார் போவது? நோட்டில் ஞாயிறுக்கும் சேர்த்து 4, 5, 4 டிகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. எல்லாரும் செய்வதுதான்.

ஞாயிறு, 10

கோயிலில் அக்காவுக்காக மெழுகுவர்த்தி. துணி துவைக்கவில்லை, சோப்பு தீர்ந்துவிட்டது.

திங்கள், 11

மூட்டம். நான் வருமுன்பே மருந்துப் பெட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது. மாதிரிக்கு ஒதுக்கிய குப்பியை எடுக்கப் போனால் பிரிட்ஜ் தட்டில் பொருக்குப் பொருக்காக ஐஸ். இந்த மருந்து ஒருமுறை உறைந்தால் போச்சு. துகள்கள் ஒட்டித் திரண்டுவிடும், நுரையீரலில் போய் அடைக்கும். டிரெயினிங்கில் முதல் நாளே சொன்னது. குப்பியை வெள்ளை அட்டைமுன் பிடித்தேன். சிவப்பு போய் நாவல்பழ நிறம்.

சூப்பர்வைசர் பாபு அண்ணனிடம் காட்டினேன்.

"லைட்டு டல்லா கீது, அதான். ரீடிங்லாம் கரெக்டா கீதே ஜெசி. நீதான எழுதிக்கீற?"

குப்பியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். போகாமலே எழுதியதைச் சொன்னால் வேலை போகும். பயமாக இருக்கிறது. வியாழனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக் காலை முதல் வேலையாக மேனேஜரிடம்.

செவ்வாய், 12

மேனேஜர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார். நாளைதான் வருவாராம். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. நானெல்லாம் என்ன பிறவி.

கேன்டீனில் எலுமிச்சை சாதம்.

மூன்று மணிக்கு அக்கா போன்.

"ஏட்டி, இன்னைக்கே ஊசி போட்டுட்டாவ. ஒரு ஆளு வரல, என்னைய கூப்பிட்டாவ. என் தங்கச்சி செய்யுத மருந்துன்னு நர்சம்மாட்ட சொன்னேன், சிரிக்காவ."

நடுவில் இருமல்.

"ஏசி குளிரு, வேற ஒண்ணுமில்ல."

போனை நர்சிடம் கொடு என்றேன்.

"எதுக்குட்டி?"

ஞாயிறு நான் கம்பெனிக்குப் போகவே இல்லை அக்கா, ரீடிங் பொய் என்றேன். அந்தப் பக்கம் இருமல் மட்டும்.