இடப்பக்கம் ஒடித்தால்

ஜூலை 9, செவ்வாய்.

புது எஸ்யூவியை மூன்றாவது முறையாக விக்ரோலி சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டு வந்தேன். இடப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் கிறீச்சென்று சத்தம். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் காட்டவில்லை என்று சூப்பர்வைசர் இந்தியில் சொன்னார். என்னோடு ஒரு சுற்று வந்து கேளுங்கள் என்றேன். வரவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். செம்பூரில் எங்கள் சந்துக்குள் திரும்பும்போது மறுபடியும் கிறீச்.

மூன்றாம் மாடி ஏறினால், அம்மா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் வாறது எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அதான் சத்தம் கேட்டுச்சே. ஒங்கப்பா டாக்ஸியும் இப்படித்தாம்ல கத்தும். தாராவியில முக்கு திரும்பயிலயே அடுப்பப் பத்த வச்சிருவேன்."

அப்பா போய் ஆறு வருடம். அந்தச் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தவன் நான். எப்படி மறந்தேன்?

"சரி பண்ணிட்டாங்கன்னா இது கேக்காதுல்ல?" என்றாள்.

நான் டீயைக் குடித்தேன்.

கம்பெனிக்குப் புகார் எழுத இப்போதுதான் உட்கார்ந்தேன். சத்தத்தை விவரிக்கவும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இதுவரை எழுதியிருப்பது: மூன்றாம் மாடிவரை கேட்கும்.